260 கிலோமீற்றர் எங்கே போனது? முல்லைத்தீவு வான் ஒன்றின் மீற்றரும் செய்மதிக் கணக்கும்

முல்லைத்தீவு மாவட்டத்தில் களப்பணி செய்யும் ஓர் அலுவலகம், மாத வாடகைக்கு ஒரு டொல்பின் வானை எடுத்திருந்தது. கொடுப்பனவு ஓடிய கிலோமீற்றருக்கு. ஒரு மாதம் ரன்னிங் சார்ட்டில், அதாவது ஓடிய தூரத்தை மீற்றர் பார்த்து எழுதிவைக்கும் பதிவுத்தாளில், 2,600 கிலோமீற்றர் எழுதப்பட்டிருந்தது. அதே மாதத்துக்கு, வானில் பூட்டியிருந்த, செய்மதிகளை வைத்து இடத்தைப் பதியும் ஜிபிஎஸ் கருவியின் அறிக்கையில் 2,340தான் இருந்தது. இடைவெளி 260 கிலோமீற்றர், அதாவது பத்தில் ஒரு பங்கு. கணக்குப் பகுதி அந்த 260ஐயும் கழித்ததோடு, ஓடாத தூரத்துக்குப் பணம் கேட்டதற்கு விளக்கம் தரும்படி வான்காரருக்குக் கடிதமும் அனுப்பியது.

வான்காரர் அறுபதை நெருங்குபவர். சொந்த வானைத் தானே ஓட்டுகிறார். "மீற்றரில இருந்ததைத்தான் தம்பி எழுதினனான். ஒரு கட்டைகூடக் கூட்டி எழுதேல்லை" என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இருக்கவில்லை. கணக்காளரும் கெட்ட மனிதர் இல்லை. "இது செய்மதியில இருந்து வாற கணக்கு சேர், இது பிழைக்காது" என்று உண்மையாகவே நம்பினார். நில அளவை வேலையில் பல காலம் இருந்தவன் என்பதால் இரு பக்கமும் என்னைப் பார்க்கச் சொன்னார்கள். அலுவலகத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ இங்கே தேவையில்லை. எண்களை மட்டும் வாசிக்க வசதியாக மட்டந்தட்டியிருக்கிறேன்.

இப்படியான பிணக்கு வன்னியில் இது ஒன்று மட்டும் அல்ல. கிலோமீற்றர் கணக்கில் பணம் வாங்குகிறவர்கள் எங்களிடையே நிறையப் பேர்: ஹயர் வான்காரர்கள், தண்ணீர் பவுசர் ஓட்டுகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போகும் அலுவலர்கள். அவர்களுடைய மீற்றருக்கு எதிரே இப்போது ஒரு கைபேசியோ ஒரு கருவியோ வந்து நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் சந்தேகிக்கப்படுவது மனிதன்தான். அதனாலேயே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வானின் மீற்றர். அது தூரத்தை அளப்பதே இல்லை, சுற்றுகளை எண்ணுகிறது. இந்த வானில் கியர்பெட்டியின் பின்முனையிலிருந்து ஒரு கேபிள் டாஷ்போர்ட்டுக்குப் போகிறது. பின்சில்லுகளைச் சுழற்றும் தண்டு இத்தனை முறை சுற்றினால் ஒரு கிலோமீற்றர் என்று பல்சக்கரங்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வெட்டு, தொழிற்சாலையில் பூட்டிய டயரின் சுற்றளவை நம்பிச் செய்யப்பட்டது. டயர் மாறினாலும் தேய்ந்தாலும் பல்சக்கரத்துக்கு அது தெரியவராது.

கதவோரத் தகட்டில் இருந்த டயர் அளவு 195 ஆர் 14. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீற்றரில், கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். வானில் பூட்டியிருந்தது 185 ஆர் 14. விலை குறைவு, கடையில் கிடைத்தது, ரிம்மும் அதேதான், ஆகவே மாற்றிவிட்டார். பெரும்பாலானவர்கள் இதைத்தான் செய்வார்கள். முதல் டயரின் விட்டம் ஏறத்தாழ 666 மில்லிமீற்றர், இரண்டாவதன் விட்டம் ஏறத்தாழ 650. சுற்றளவு 2.09 மீற்றரிலிருந்து 2.04 மீற்றராகக் குறைகிறது. ஒரு கிலோமீற்றருக்கு 478 முறை சுற்றவேண்டிய சில்லு இப்போது 490 முறை சுற்றும். இதிலேயே மீற்றர் இரண்டரை வீதம் கூடக் காட்டும்.

அடுத்தது தேய்வு. டயரின் பட்டை ஏறக்குறைய ஐந்து மில்லிமீற்றர் தேய்ந்திருந்தது. ஐந்து மில்லிமீற்றர் என்பது கண்ணுக்குச் சின்ன விடயம். ஆனால் ஆரையில் ஐந்து குறைந்தால் சுற்றளவில் 31 மில்லிமீற்றர் குறையும். அது இன்னும் ஒன்றரை வீதம். இரண்டையும் சேர்த்தால் நான்கு வீதம். தாளில் போட்ட இந்தக் கணக்கு சரியா என்று வீதியில் பார்க்கவேண்டும்.

காற்று குறைந்தால் என்ன ஆகும், வெயிலில் டயர் சூடேறினால் என்ன ஆகும் என்றும் கேட்டார்கள். இரும்புக் கம்பிப் பட்டி உள்ள ரேடியல் டயரில் அந்தப் பட்டி சுற்றளவைப் பிடித்து வைத்திருக்கும். காற்றழுத்தம் கொஞ்சம் மாறினாலும் தூரக்கணக்கு ஒரு வீதத்துக்குள்தான் அசையும். பழைய வகைத் துணிநூல் டயரில் அசைவு கூடுதல்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி வரும்: "ஸ்பீட் மீற்றர் கூடக் காட்டுது, அப்ப கிலோமீற்றரும் கூடத்தானே காட்டும்." இரண்டும் ஒரே கேபிளில் ஓடினாலும் உள்ளே வேலை வேறு. வேகமுள் ஒரு காந்தத்தின் இழுப்பிலும் ஒரு சுருள்வில்லின் எதிரிழுப்பிலும் நிற்கிறது. காந்தம் பலம் குறைந்தாலோ வில் தளர்ந்தாலோ முள் பிசகும். போதாததற்கு, ஐக்கிய நாடுகள் ஐரோப்பிய பொருளாதார ஆணைக்குழுவின் 39ஆம் இலக்க ஒழுங்குவிதி, வேகமுள் உண்மை வேகத்துக்குக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது என்கிறது. கூடுதலாகக் காட்டலாம், உண்மை வேகத்தின் பத்து வீதமும் அதற்கு மேல் மணிக்கு 4 கிலோமீற்றரும் வரை. ஆகவே உற்பத்தியாளர்கள் முள்ளைக் கொஞ்சம் மேலே தள்ளியே வைக்கிறார்கள். தூர எண்ணோ பல்லோடு பல் பூட்டிய சக்கரங்களால் உருளுகிறது. அங்கே காந்தமும் இல்லை, வில்லும் இல்லை. முள் பிசகுவதை வைத்துக் கிலோமீற்றர் எண்ணைச் சந்தேகிக்க இடமில்லை.

வீதிச் சோதனைக்கு ஏ9 வீதியை எடுத்தோம். கண்டியிலிருந்து எண்ணிவரும் கிலோமீற்றர் கட்டைகள் அதில் உள்ளன. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஊரே சொல்லும் இடம் அந்தக் கண்டிக் கணக்கின் பழைய மைல்தான். 155 மைல் என்றால் 249.4 கிலோமீற்றர். இன்றைய கிலோமீற்றர் எண்ணோடு அது ஒத்துவருகிறது. தனித்தனிக் கட்டைகள் சில மீற்றர் முன்பின் நடப்பட்டிருக்கலாம். எனவே ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் அளந்து முடிவு சொல்லக்கூடாது. நீண்ட தூரம் எடுத்தால் அந்தப் பிசகு கரைந்துவிடும்.

மாங்குளத்துக்கு வடக்கே ஒரு கட்டையில் தொடங்கி, கொக்காவிலையும் முறிகண்டியையும் தாண்டி, 20 கிலோமீற்றர் தள்ளிய கட்டையில் முடித்தோம். திரும்பியும் ஓடினோம். வானின் மீற்றர் 20.8 காட்டியது, இரு திசையிலும் அதே எண். நான்கு வீதம். தாளில் போட்ட கணக்கு வீதியிலும் நின்றது.

வான்காரரின் முகம் அப்போது வாடிவிட்டது. தன் மீற்றர் கூடக் காட்டுகிறது என்று தன் கண்ணாலேயே கண்டுவிட்டார். ஆனால் நான்கு வீதம் பத்து வீதத்தை விளக்காது. 2,600ஐ 1.04ஆல் வகுத்தால் 2,500. மீற்றரின் பங்கு 100 கிலோமீற்றர் மட்டுமே. மீதி 160க்கு வேறு இடத்தில் பதில் தேடவேண்டும்.

அதே ஏ9 ஓட்டத்தில் ஜிபிஎஸ் கருவியின் பதிவையும் எடுத்தேன். 20 கிலோமீற்றருக்கு அது 19.9 காட்டியது. அரை வீதப் பிழை, குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்காளர் இதைப் பார்த்ததும் வழக்கு முடிந்துவிட்டது என்றே நினைத்தார். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அநியாயம் நடந்திருக்கும். ஏனென்றால் அந்த வான் மாதத்தில் பாதித் தூரம்தான் ஏ9, பரந்தன் வீதி, மாங்குளம் வீதி போன்ற காபெட் வீதிகளில் ஓடுகிறது. மற்றப் பாதி கிறவல் ஒழுங்கைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் குளக்கட்டுகளிலும் காட்டு வழிகளிலும்.

ஆகவே ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கம் போய், வாய்க்கால் வீதிகளைச் சுற்றித் திரும்பும் வழக்கமான களப்பாதை ஒன்றை ஓடினோம். வானின் மீற்றர் 31.2 காட்டியது. 1.04ஆல் வகுத்தால் 30.0. ஜிபிஎஸ் கருவி 26.4 என்றது. காபெட் வீதியில் அரை வீதம் பிசகிய அதே கருவி இங்கே 12 வீதம் குறைத்துவிட்டது. நொடிக்கொரு முறை புள்ளி பதியும்படி நான் வைத்திருந்த கைபேசி 29.8 காட்டியது. கருவிக்கும் கைபேசிக்கும் தலைக்கு மேலே அதே செய்மதிகள்தான். விடை இந்த இடத்தில்தான் கிடைத்தது.

ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. குடிமக்கள் பாவனைக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்கா 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. அதன்பின், திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண கைபேசியே தன் இடத்தை ஏறத்தாழ ஐந்து மீற்றருக்குள் சொல்லும். இடம் சொல்வதில் குறை இல்லை. ஆனால் செய்மதி தூரம் சொல்வதில்லை. "இந்த நொடி இங்கே இருக்கிறாய்" என்பதற்கான சமிக்ஞையை மட்டும் தருகிறது. அந்தப் புள்ளிகளை வரிசையாக எடுத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நேர்கோடு இழுத்து, கோடுகளைக் கூட்டித் தூரம் ஆக்குவது கருவியும் அதன் பின்னாலிருக்கும் கணினியும்தான். புள்ளிகளுக்கிடையில் வீதி வளைந்தால் அந்த வளைவு கணக்கில் வராது.

கருவியின் அமைப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன். நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்திருந்தார்கள். கருவி தன் புள்ளிகளைக் கைபேசி வலையமைப்பு வழியாகத்தான் அனுப்புகிறது. அடிக்கடி அனுப்பினால் டேட்டா செலவு கூடும். செலவைக் குறைக்க யாரோ நிமிடத்துக்கு ஒன்று என்று குறித்துவிட்டார்கள், பிறகு அந்த அறிக்கையை வைத்து ஒரு மனிதனை விசாரித்தார்கள்.

மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வான் நிமிடத்துக்கு 600 மீற்றர் போகும். 200 மீற்றர் ஆரையில் வளையும் ஒரு குளக்கட்டில் அந்த 600 மீற்றரும் கிட்டத்தட்ட அரைவட்டம். இரு முனைகளையும் நேர்கோட்டில் சேர்த்தால் 399 மீற்றர். மூன்றில் ஒரு பங்கு தொலைந்துவிட்டது. அரை நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்றால் இழப்பு 9 வீதம். ஐந்து நொடிக்கு ஒன்று என்றால் கால் வீதம்தான். ஏ9 வீதியில் இந்தப் பிழை தெரியாமல் போனதற்குக் காரணமும் இதுவே. மாங்குளத்திலிருந்து வடக்கே வீதி பெரும்பாலும் நேராகப் போகிறது. நேர்வீதியில் நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தாலும் கோடும் வீதியும் ஒன்றுதான்.

இதை ஐயமறக் காட்டவேண்டும் என்று, வாய்க்கால் வீதியில் மிகவும் வளைந்த ஒரு துண்டை அளவுநாடாவால் ஒரு கிலோமீற்றர் அளந்து இரு முனையிலும் முளை அடித்தோம். வெயிலில் நாடா பிடித்தவர்களில் கணக்காளரும் ஒருவர். அந்தத் துண்டில் திருத்திய வான்மீற்றர் நாடாவோடு ஒத்துப்போனது. கருவி 780 மீற்றர் என்றது. அதற்குப்பிறகு அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

காடு இன்னும் கொஞ்சத்தைச் சாப்பிடுகிறது. பாலையும் வீரையும் அடர்ந்து மூடிய பாதையில் சமிக்ஞை மெலிந்து, இலைகளில் பட்டுத் திரும்பி வரும். கருவி புள்ளி பிடிக்காமல் விட்டால், கடைசிப் புள்ளியிலிருந்து வெளியே வந்த புள்ளிக்கு ஒரே கோடாக இழுத்துவிடும். கைபேசிக் கோபுரம் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. இடம் பிடிக்கக் கோபுரம் தேவையில்லை, பிடித்ததை அனுப்பத்தான் தேவை. நல்ல கருவி சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். நினைவகம் போதாதது பழையதை அழித்துவிடும்.

புள்ளிகளை நெருக்கமாக வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. நெருக்கினால் எதிர்ப்பக்கப் பிழை வரும். ஒவ்வொரு புள்ளியும் சில மீற்றர் அங்குமிங்கும் விழுவதால், மிக மெதுவாகப் போகும்போதோ நிற்கும்போதோ அந்த ஆட்டமும் தூரமாகக் கூட்டப்படுகிறது. முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட நிற்பாட்டியபோது இதைப் பார்த்தோம். வான் அசையவில்லை, வானின் மீற்றரும் அசையவில்லை. கைபேசிச் செயலியில் மட்டும் மீற்றர்கள் ஏறிக்கொண்டிருந்தன. தகரக் கூரைக்குக் கீழே நாள்முழுக்க நிற்கும் வாகனத்தில் இது பெரிய எண்ணாகவே சேரும். அதனால்தான் பல கருவிகள் குறைந்த வேகத்தில் வரும் புள்ளிகளைத் தள்ளிவிடுகின்றன. அப்படித் தள்ளும்போது, மாரிகாலச் சேற்றில் உண்மையாகவே ஊர்ந்துபோன தூரமும் சேர்ந்து தள்ளப்படலாம்.

சேற்றைச் சொன்னதால் வான்மீற்றரின் இன்னொரு பிழையையும் சொல்லவேண்டும். இந்த வானில் எண்ணப்படுவது ஓட்டும் சில்லுகளின் சுற்று. வான் புதைந்து ஒரு பின்சில்லு மட்டும் இருந்த இடத்திலேயே சுழன்றால், தண்டின் சுழற்சியை இரு பின்சில்லுகளுக்கும் பங்கிடும் டிபரென்ஷல் வழியாக அந்தச் சுழற்சியின் பாதி மீற்றரில் ஏறும். இது கூடுதலான பக்கத்துப் பிழை. கோடையில் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கேபிள் முன்சில்லிலிருந்து வருவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 3.00-17 டயர் இருந்த இடத்தில் 2.75-17 போட்டால் அங்கும் இரண்டு வீதத்துக்குக் குறையாமல் மீற்றர் ஏறும்.

அளவைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. சில செயலிகள் பூமியை 6,371 கிலோமீற்றர் ஆரையுள்ள சரியான உருண்டையாக வைத்துக் கணக்கிடுகின்றன. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. எங்கள் அகலாங்கில், ஏறத்தாழ 9 பாகையில், வடக்கு தெற்காக ஒரு பாகை 110.6 கிலோமீற்றர். உருண்டைக் கணக்கு அதை 111.2 என்று சொல்லும். ஆகவே ஏ9 போல வடக்கு தெற்காக ஓடும் வீதியில் அந்தச் செயலி அரை வீதம் கூடக் காட்டும். கிழக்கு மேற்காக ஓடினால் ஒரு வீதத்தின் பத்தில் ஒன்று மட்டும் குறைத்துக் காட்டும். இந்த வழக்கில் இது பெரிய பங்கு வகிக்கவில்லை. ஆனாலும் ஏ9 வீதியில் ஒரு கைபேசியை வைத்து "மீற்றர் அரை வீதம் பிழை" என்று சொல்ல வருகிறவர்கள் இதைத் தெரிந்திருக்கவேண்டும். ஏற்ற இறக்கத்தைப் பற்றி இங்கே கவலையில்லை. நூற்றுக்கு ஐந்து ஏற்றத்தில்கூடத் தட்டைக் கணக்கின் பிழை எண்ணூறில் ஒரு பங்குதான், வன்னியில் அந்த ஏற்றமும் அரிது.

இரண்டு பிழைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அவற்றின் குணம் வேறுவேறு. வானின் மீற்றர், முனை தேய்ந்த அளவுகோலைப் போன்றது. கோல் எவ்வளவு குட்டை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதால் அளந்த எல்லாவற்றையும் திருத்திவிடலாம். காபெட் வீதியிலும் கிறவல் வீதியிலும் அதே நான்கு வீதம். ஜிபிஎஸ் கருவியின் பிழை வீதிக்கு வீதி, வேகத்துக்கு வேகம் மாறுகிறது. ஏ9இல் அரை, வாய்க்கால் வீதியில் பன்னிரண்டு. அதை ஒரு எண்ணால் திருத்த முடியாது.

மரதன் ஓட்டப் பாதைகளை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தாலே இது விளங்கும். 42.195 கிலோமீற்றர் பாதையைச் சர்வதேச அளவில் அங்கீகரிக்க, சைக்கிள் சில்லில் ஒரு எண்ணி பூட்டி அளக்கிறார்கள். முதலில் நாடாவால் துல்லியமாக அளந்த நேர்த்துண்டு ஒன்றில் அந்தச் சைக்கிளை ஓட்டி, ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை எண்ணிக்கை என்று பார்க்கிறார்கள். பாதையை அளந்து முடித்தபின் மறுபடியும் அதே துண்டில் ஓட்டுகிறார்கள், ஏனென்றால் இடையில் வெயிலேறினால் டயரும் மாறும். பாதை குறைந்துபோகக்கூடாது என்று கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டியும் வைக்கிறார்கள். செய்மதி இருக்கும் காலத்திலும் அந்த வேலைக்குச் சில்லைத்தான் நம்புகிறார்கள், சரிபார்த்த சில்லை.

கணக்காளர் நடுவில் இன்னொரு யோசனை சொன்னார்: கைபேசி வரைபடத்தில் ஊருக்கு ஊர் காட்டும் தூரத்தை எடுத்தால் என்ன? காபெட் வீதிகளுக்கு அது நல்ல சாட்சி. ஆனால் வாய்க்கால் கரைகளில் பாதி வரைபடத்தில் இல்லை. மாரியில் பாலம் மூடி வேறு வழியால் சுற்றிப்போன நாளை வரைபடம் அறியாது.

கடைசிக் கணக்கு இப்படி வந்தது. உண்மைத் தூரம் 2,500. அதில் பாதி, 1,250, நல்ல வீதியில். அங்கே கருவி விட்டது 6 கிலோமீற்றர். மற்ற 1,250 உள்வீதியில். அங்கே விட்டது 150. இரண்டையும் கழித்தால் 2,344. அறிக்கையில் இருந்தது 2,340. எழுதி வைத்த எண்ணும் விளக்கிய எண்ணும் நான்கு கிலோமீற்றருக்குள் சந்தித்தபின், ஏமாற்று என்று சொல்ல மிச்சம் எதுவும் இல்லை.

100 கிலோமீற்றரைக் கழிக்க வான்காரர் உடனே சம்மதித்தார். "எனக்குத் தெரியாமல் வாங்கின காசு தம்பி, அது எனக்கு வேண்டாம்" என்றார். 160 கிலோமீற்றர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. கடிதத்தையும் எழுத்துமூலம் திரும்பப் பெறவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன், ஏனென்றால் அது கோப்பில் இருக்கும்வரை அவர் பெயர் கறைபட்டே இருக்கும். அதையும் செய்தார்கள்.

இப்போது கொடுப்பனவு வானின் மீற்றரை 1.04ஆல் வகுத்துப் போகிறது. டயர் மாற்றினால் அந்த வாரமே ஏ9 கட்டைகளில் புதிதாக ஓடிப்பார்த்து எண்ணை மாற்றவேண்டும். மாற்றாவிட்டாலும் தேய்வுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். ரன்னிங் சார்ட்டின் மேல்பக்கத்தில் டயர் அளவுக்கும் வகுக்கும் எண்ணுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். கருவியை ஐந்து நொடிக்கு ஒரு புள்ளியும், திசை திரும்பும்போதெல்லாம் ஒரு புள்ளியும் பதியும்படி மாற்றியாயிற்று. வான் எந்த ஊருக்கு எந்த நேரம் போனது என்று பார்க்க அதைவிட நல்ல சாட்சி இல்லை, அதற்கு அதை வைத்திருக்கட்டும். இரண்டு எண்களும் மூன்று வீதத்துக்கு மேல் விலகினால், கடிதம் எழுத முன்பு வானைக் கட்டைக்குக் கட்டை ஓட்டிப் பார்ப்பது என்று அலுவலகத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள்.